அல்லிக்குக் கொடுத்த மிஸ்டு கால்

திருமலைராயன்பட்டினத்தில் வைத்தியலிங்கத்தின் மெஸ் முன்னால் நான் வண்டியை நிறுத்தியபோது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. போன தடவை நான் ஆய்வுக்கு வந்தபோதே, வீட்டில் ஒரு துக்கம் என்று பூட்டியிருந்தது. ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்த கடை. மறுபடி திறக்க வேண்டுமானால் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். அந்த அதிகாரி நான்தான். நெல்சன். பதவியைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. என் தொப்பையையும், தலையில் நான் மாட்டிக்கொள்ளும் வலைத்தொப்பியையும் பார்த்ததும் அந்தப் பயம் தெளிந்துவிடும்.

வைத்தியலிங்கம் முன்கூடத்தில் ஏணி மேல் நின்று சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறீங்க?"

"சொன்னேனேண்ணே. நேத்து சாயங்காலம் எப்பவும் போல அடிச்சு விட்டேனே."

அந்த 'எப்பவும் போல' என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆய்வு என்றால் முன்னறிவிப்பு இல்லாமல் போய் நிற்க வேண்டும். எனக்கு அது வராது. கடைக்காரர் முகம் வெளுப்பதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அதனால் முதல் நாள் சாயங்காலம் ஒரு மிஸ்டு கால். இரண்டு முறை மணி அடித்ததும் துண்டித்துவிடுவேன். நாளைக்கு வருகிறேன், அடுப்படியைக் கழுவி வை என்று அர்த்தம். பதிலுக்கு யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. தங்கமான மனுசன் என்று கடைத்தெருவே சொல்லும். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த மெஸ்ஸில் மட்டும் அழைப்பு முதலாளிக்குப் போகாது. "உங்க நம்பர் என் போன்ல இருந்தா ரெண்டு பேருக்கும் வம்பு சார்" என்று, பாத்திரம் கழுவும் அல்லியின் நம்பரைத் தந்திருந்தார். அல்லி கெட்டிக்காரி. நான் போகும்போது அண்டாக்கள் கவிழ்ந்து பளபளக்கும். மேடையில் எனக்காக ஒரு கிளாஸ் நன்னாரி சர்பத், தட்டு போட்டு மூடியிருக்கும். "வெயில்ல வந்திருக்கீங்க. குடிச்சிட்டுக் குத்தம் கண்டுபிடிங்க சார்" என்பாள். குடித்த பிறகு எந்தக் குற்றமும் என் கண்ணில் பட்டதில்லை.

"யாருக்கு அடிச்சீங்க?" என்றார் வைத்தியலிங்கம்.

"அல்லிக்குத்தான். மணி அடிச்சுதே."

அவர் ஏணியிலிருந்து மெதுவாக இறங்கினார்.

"அல்லி செத்துத்தான் சார் கடையைச் சாத்தினேன்."

எனக்கு அசட்டுச் சிரிப்பு வந்தது. பயந்தால் சிரிப்பு வரும் கோளாறு எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. "அவ போனை வேற யாராவது வச்சிருப்பாங்க..."

"அம்மா போன் அம்மாகிட்டயே இருக்கட்டும்னு அவ மவ நிலா மடியில வச்சிடுச்சு சார். அதோடதான் எரிச்சாங்க. விழிதியூர் சுடுகாட்டுல நானும் நின்னேன்."

தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. பட்டப்பகல். பட்டப்பகலில் பயப்படுகிற அதிகாரி என்று பெயரெடுக்க வேண்டாமே என்று அடுப்படியைத் திறக்கச் சொன்னேன்.

"பூட்டினது பூட்டினபடியே கெடக்கு. நாத்தம் குடலைப் புடுங்கும். நாளைக்கு வாங்களேன்" என்று கெஞ்சினார்.

துருப்பிடித்த பூட்டு முரண்டு பிடித்துத் திறந்தது.

நாற்றம் வரவில்லை.

பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தது.

கரன்ட் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தரை ஈரமாக மின்னியது. அண்டாக்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. விளிம்புகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேடை மேல், தட்டு போட்டு மூடிய ஒரு கிளாஸ்.

தட்டைத் தூக்கினேன்.

ஐஸ் இன்னும் கரையவில்லை.

வைத்தியலிங்கம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படிண்ணே செத்தா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அன்னைக்கும் உங்க கால்தான் சார் வந்துச்சு." அவரும் கிசுகிசுத்தார். "மழையில கரன்ட் போயிப் போயி வந்து, பிரீசர்ல இருந்த எறா தொக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நானும் தூக்கிப் போடாம விட்டுட்டேன். சார் வர்றாருன்னதும் எடுத்துக் கடாசுன்னேன். வாசல்ல கொட்டினா நாய் இழுத்துப் போட்டுக் காட்டிக் குடுத்துடும், உன் வீட்டுப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டுன்னேன். அவளுக்குக் கொட்ட மனசு வரல, வீட்டுல வச்சுத் தின்னுட்டா. புள்ளைக்கு எறா ஒத்துக்காது. அதனால அது பொழச்சுது."

"நிலாவுக்குத் தெரியுமா?"

"வயித்துப்போக்குன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. நான் வாயைத் தொறக்கல." அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீங்க சொல்லாம வந்திருந்தா அது பிரீசர்லயே மாட்டியிருக்கும். அபராதம் போட்டிருப்பீங்க. அவ்வளவுதானே சார்?"

அவ்வளவுதான்.

தொட்டிப் பக்கம் ஒரு சத்தம். சர்ரக்... சர்ரக்... தேங்காய் நார் அண்டாவில் உரசும் சத்தம்.

தொட்டியருகே யாரும் இல்லை.

ஆய்வு அறிக்கையைப் போனிலேயே நிரப்பி அனுப்ப வேண்டும். நடந்ததை எழுதினால் நிலாவுக்கு உண்மை தெரியும். கூடவே வைத்தியலிங்கத்தின் கடை போகும். என் மிஸ்டு கால் வெளியே வந்து என் வேலையும் போகும். கழுவிய பாத்திரம், ஈரத் தரை, காலியான பிரீசர். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினால் போதாதா? 'திருப்தி' என்று தட்டினேன். இத்தனை வருடங்களில் நான் எழுதியதிலேயே பொய்யில்லாத திருப்தி அதுதான்.

அனுப்பினேன்.

உரசும் சத்தம் நின்றது.

வீட்டுக்கு வந்து காபியைக் கையில் வாங்கும்போது மேஜை மேல் போன் அடித்தது. இரண்டே முறை. நின்றுவிட்டது.

"யாருங்க அது, அடிச்சிட்டு வச்சுட்டாங்க?" என்றாள் என் மனைவி கிறிஸ்டி.

திரையில் 'அல்லி மெஸ்' என்று இருந்தது.

நாளைக்கு வருகிறாள். பாவம், முன்கூட்டியே சொல்லியும் விட்டாள். அந்த மரியாதையை நான்தான் பழக்கியிருந்தேன்.

எழுந்து போய் பிரிட்ஜைத் திறந்தேன். மீன் குழம்பு, தயிர், மாவு எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தேன்.

"என்ன ஆச்சு உங்களுக்கு? எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். கெட்டுப்போனது எதுவும் அதற்குள் இல்லை.

போனை எடுத்து அந்த நம்பருக்குத் திருப்பி அடித்தேன். நிலாவிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன், நீ வராதே என்று கெஞ்சலாமென்று. இரண்டு முறை மணி அடித்தது. மூன்றாவதில் யாரோ எடுத்தார்கள்.

"அல்லி..."

சர்ரக்... சர்ரக்...

"அல்லி, நான் நெல்சன் சார் பேசறேன்."

நார் நின்றது. பாத்திரத்தைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

பிறகு, குழாயை இறுக்கி மூடும் சத்தம்.