வார்டன் என்று பெயர் எடுத்தவள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மாமியார் குளியலறையில் இருமிக்கொண்டிருந்தாள். சளி இல்லை, ஆஸ்துமா இல்லை. கதவில் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே ஆள் இருக்கிறது என்று அறிவிக்க மூன்று மாதமாக இந்த ஏற்பாடு. இருமலுக்கு நடுவே மருமகளுக்கு வாழ்த்துரையும் வந்தது.

"புருஷன் கதவைச் சாத்திக்கிட்டு எவகூடவோ பேசிடுவானாம்... அந்த சந்தேகத்துக்கு என் மானமும் போகணுமா?"

மருமகள் அடுப்படியில் டிபன் டப்பாவை மூடினாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, ஞாயிறும் உண்டு. வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் கையில் நரம்பு தேடியே பதினாறு வருஷம் போயிருந்தது. பையில், டப்பாவுக்கு அடியில், அணைத்து வைத்த கணவனின் செல்போன். அவனிடம் இப்போது ஒரு பட்டன் போன் மட்டும். சொந்தக்காரர்கள் அவளுக்கு 'வார்டன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தாழ்ப்பாளைக் கழற்றியவள் அவள் இல்லை. அவனேதான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். மூன்று மாதம் முன்பு ஓர் அடுக்குமாடியில் ஒரு பெண் லிஃப்டுக்குள் நாற்பது நிமிஷம் சிக்கிக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். இவன் அதே கட்டடத்தின் மொட்டைமாடி மெஷின் ரூமைச் சாத்திக்கொண்டு செல்போனில் ஆபாசப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். வந்த அழைப்புகளை எடுக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினான். காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும், தொண்டை அடைக்கும், அதை மறக்கப் படம் பார்ப்பான், பார்த்து முடித்ததும் அவமானம், அவமானத்தில் மறுபடி படபடப்பு. இருவரும் போய்ப் பார்த்த டாக்டர், படபடப்பு, பழக்கம் இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் என்றார். மாத்திரை, மூச்சு எண்ணும் பயிற்சி, வாரம் ஒருநாள் பேச்சு. போனை அவள் கையில் கொடுத்தவன் அவன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியவனும் அவன்தான். நடுவில் இரண்டு முறை சறுக்கினான். வந்து சொன்னான். கடைசியாகச் சறுக்கி இன்றைக்கு நாற்பத்தோராவது நாள்.

எட்டு மணிக்கு அவனுடைய அண்ணன் வந்தார். ஆளுமைப் பயிற்சியாளர். மனிதனுக்குள் உறங்கும் சிங்கத்தைப் பற்றிக் கம்பெனிக் கூட்டங்களில் இரண்டு மணி நேரம் பேசுவார். சிங்கம் எழுந்ததாகத் தகவல் இல்லை. கேட்டவர்கள் உறங்கியதற்குச் சாட்சி உண்டு. தண்ணீர் டம்ளரைக் கொடுத்தால்கூட மைக் மாதிரிதான் பிடிப்பார்.

கைபேசி என்பது தனிமனிதனின் தன்மானம் என்று தொடங்கினார். திருமணம் என்பது இரு சிறகுகள், அதில் ஒன்று இன்னொன்றைக் கட்டிப்போடலாமா என்று டீ ஆறும்வரை கேட்டார். பிறகு ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளங்கையைவிடப் பெரிய புது போனைத் தம்பி கையில் வைத்தார். சிம் போட்டு, நெட் போட்டு, தயாராக.

மெக்கானிக்கின் மேலுதடு வியர்த்தது. விரல் நடுங்கியது. கண் திரையை விட்டு நகரவில்லை. அவள் எட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"பாத்தியாடா பெரியவனே? கண்ணு முன்னாடியே புடுங்குறா," என்றாள் மாமியார். "அவன் கை ஏன் நடுங்குது தெரியுமா? இவளைப் பாத்துதான். நல்லா இருந்த பிள்ளையை நோயாளி ஆக்கிட்டா."

கொஞ்ச நாள் தம்பியைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்றார் அண்ணன். அவனை மீட்டெடுக்க வேண்டுமாம்.

அவள் கணவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் டம்ளருக்குள் எதையோ தொலைத்தவன்போலக் குனிந்திருந்தான். அவன் பார்த்த படங்களைக்கூட அவள் தாங்கியிருந்தாள். இந்தக் குனிவைத் தாங்க முடியவில்லை.

பையிலிருந்து பழைய போனை எடுத்து, புதியதோடு சேர்த்து அவன் மடியில் போட்டாள்.

"ரெண்டையும் நீங்களே வெச்சுக்கோங்க. சத்தியத்தை நான் மீறல. ஆனா உங்க மானத்தைக் காப்பாத்த என் மானத்தை வித்தது போதும்."

செருப்பை மாட்டினாள்.

"அவ எடுக்கலம்மா." அவன் தலையை நிமிர்த்தினான். "நான்தான் குடுத்தேன். தாழ்ப்பாளையும் நான்தான் கழட்டினேன். அசிங்கமான படம் பாக்குற பழக்கம்மா எனக்கு. இருபது வருஷமா... விட முடியல. விட்டுக்கிட்டு இருக்கேன்."

அண்ணன் தொண்டையைச் செருமி, இது இன்றைய சமூகம் எதிர்கொள்ளும் ஒரு மாபெரும் சவால் என்று எழுந்தார்.

"அண்ணா, உக்காரு. இது மேடை இல்ல."

அண்ணன் உட்கார்ந்தார். தம்பி நீட்டிய புது போனைச் சத்தமில்லாமல் பெட்டிக்குள் வைத்தார்.

மாமியார் தட்டுத்தடுமாறி வாசலுக்கு வந்து மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "மூணு மாசமா வாய்க்கு வந்தபடி பேசினேனே... ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொல்ல வேண்டியவ நான் இல்லையே அத்தை."

மாமியார் அவள் தோளில் முகம் புதைத்து விம்மினாள். அவள் கை கிழவியின் முதுகை இரண்டு தரம் தட்டியது. முகம் மட்டும் இளகவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்று விடுவித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

பஸ் நிறுத்தம் வரை அவன் பின்னாலேயே வந்தான். பழைய போனை நீட்டி, மறுபடி நீயே வைத்துக்கொள் என்றான்.

"மாட்டேன். டாக்டர்கிட்ட குடுங்க, கம்பெனியில குடுங்க, உங்க அம்மாகிட்ட குடுங்க. சறுக்கினா வந்து சொல்லுங்க, கேக்குறேன். காவல் காக்க மாட்டேன்."

அவன் தலையாட்டினான். அப்படியே நிறுத்தத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். முகம் வெளுத்தது. "நெஞ்சு... அடைக்குது."

பஸ் வந்தது. அவள் படியில் வைத்த காலை எடுத்தாள்.

"எண்ணுங்க. நாலு வரைக்கும் இழுங்க. ஆறு வரைக்கும் விடுங்க."

நாடியைப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் எண்ணினான். பஸ் போய்விட்டது. மெல்ல மெல்ல நிறம் திரும்பியது.

"உனக்கு லேட்டாயிடுச்சு," என்றான்.

"ஆகட்டும். அடுத்த பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருக்கு. மூணு மாசமா ஒரு வார்த்தை திட்டாம இருந்திருக்கேன். இப்போ திட்டப் போறேன். நடுவுல பேசக் கூடாது, குனியக் கூடாது, என்னைப் பாத்துக்கிட்டே நிக்கணும்."

அவன் கம்பத்திலிருந்து கையை எடுத்தான். அவள் முகத்தைப் பார்த்து நின்றான்.

அவள் தொடங்கினாள்.