சுவரெங்கும் வேதவதி

டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் அடைக்கலம் மெதுவடையைச் சட்னிக்குள் முக்கிய அதே நொடியில் அலறியது. ஸ்ரீரங்கத்துத் திருடர்களுக்கும் கொலைகாரர்களுக்கும் அவருடைய டிபன் நேரம் அத்துப்படி!

"ஹலோ, போலீஸ் ஸ்டேஷன்."

"சார்... நான் செத்துப் போயிட்டேன்."

பெண் குரல். நிதானமான குரல்.

அடைக்கலம் வடையைக் கீழே வைத்தார். "எங்கேருந்தும்மா பேசறீங்க? அங்கெல்லாம் டவர் கிடைக்குதா?"

"விளையாடாதேள் சார். நான் பேராசிரியை வேதவதி. சுவரெல்லாம் எனக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கா. இன்னிக்குச் சாயங்காலம் காலமானேன்னு போட்டிருக்கு. இப்போ காலம்பறதானே ஆறது?"

அடைக்கலத்தின் முதுகுத்தண்டில் மார்கழிக் காவிரி ஓடியது.

படம் போட்டு, தேதி குறித்து, ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுக் கொல்ல வருகிறான் ஒருவன்! தன் சர்வீஸில் இத்தனை மரியாதை தெரிந்த கொலைகாரனை அவர் பார்த்ததில்லை.

ஜீப் பறந்தது.

திருவானைக்காவல் வரை வழியெங்கும் வேதவதி. ரேஷன் கடைச் சுவரில் வேதவதி. டிரான்ஸ்பார்மரில் வேதவதி. ஒரு எருமையின் மேல்கூட வேதவதி என்று டிரைவர் சத்தியம் செய்தான்.

கல்லூரியின் எழுத்துருவியல் மையம். தமிழ் எழுத்துகளை அச்சுக்கும் கம்ப்யூட்டருக்கும் அழகாக வரையக் கற்றுத் தரும் இடம். அதன் தலைவி வேதவதி தன் மரணத்தை மேஜைமேல் விரித்து, லென்ஸ் வழியாக ரசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாணவி சுப்ரஜா, கடிக்க நகம் மீதியில்லாமல் நின்றாள்.

"கெட்டிக்காரன் சார்," என்றார் வேதவதி. "இந்த 'ணீ'யோட கழுத்தைப் பாருங்கோ. எங்கேயோ பார்த்த வளைவு, என்ன வளைவு..."

"முதல்ல உங்க கழுத்தைக் காப்பாத்தலாம் மேடம். விரோதி யாராச்சும் உண்டா?"

"கோணல் எழுத்துல போர்டு வெக்கறவா எல்லாரையும் திட்டியிருக்கேன்."

"சரியாப் போச்சு. திருச்சி ஜில்லாவையே அரெஸ்ட் பண்ணணும்."

அப்போது...

கதவு திறந்தது. ஆள் உயர ரோஜா மாலை ஒன்று உள்ளே வந்தது. மாலைக்குப் பின்னால் உதவிப் பேராசிரியர் ரகுநந்தன். வேதவதிக்குப் பிறகு அந்த நாற்காலி அவருக்குத்தான்.

வேதவதியைப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

"மேடம்... இருக்கேளா?"

"இருக்கேன் ரகு. மன்னிச்சுக்கோ."

அடைக்கலத்தின் மீசை நிமிர்ந்தது. "சாயங்காலச் சாவுக்குக் காலையிலேயே மாலையா?"

"தேதிதான் சார் பார்த்தேன், வேளையைப் பார்க்கலை. என் மனசுல மேடத்துக்கு எப்பவுமே..."

"உட்காருங்க. மேடத்துக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த மாலை உங்களுக்குத்தான்."

காவல் தொடங்கியது. மேடத்தின் காபியை அடைக்கலமே முதலில் குடித்துப் பார்த்தார். விஷம் இல்லை. சந்தேகத்துக்கு இன்னொரு டம்ளரும் குடித்துப் பார்த்தார்.

வெயில் இறங்கியது. வேதவதி முதன்முறையாக லென்ஸைக் கீழே வைத்தார்.

"சார், நான் வரைஞ்சிண்டிருக்கற எழுத்து பாதியில நிக்கறது. மெய்யெழுத்தையே இன்னும் முடிக்கலை. அதுக்குள்ள முடிச்சுடுவானா?"

அடைக்கலம் பதில் சொல்ல வாயெடுத்தார்.

'க்ரீச்...'

கதவிடுக்கில் நீண்ட கம்பு ஒன்று நுழைந்தது!

அடைக்கலம் புலியாகப் பாய்ந்தார். பிடித்தார். கை ஒட்டிக்கொண்டது. கம்பின் முனையில் துடைப்பம். துடைப்பமெல்லாம் பசை. பின்னால் ஹனீஃபா. மலைக்கோட்டை அடிவாரத்தில் அச்சகம் வைத்திருப்பவர்.

"மேடம், கொஞ்சம் மீந்துபோச்சு. காந்தி மார்க்கெட் பக்கமும் ஒட்டிடவா?"

"யாருய்யா இதை அடிக்கச் சொன்னது?" அடைக்கலம் உறுமினார்.

"மேடம்தான் சார்."

ரகுநந்தனின் மாலையிலிருந்து இதழ் ஒன்று விழுந்த சத்தம் கேட்டது.

"நானா?" என்றார் வேதவதி.

"இந்தப் பொண்ணுதான் கொண்டாந்து குடுத்துச்சு. நீங்க ஓகே சொல்லாம இந்தக் காலேஜ் வேலை எதையும் நான் மிஷின்ல ஏத்தறதில்லையே. நேத்து நேர்ல வந்தீங்க. எழுத்து எழுத்தா லென்ஸ் வெச்சுப் பார்த்தீங்க. 'பேஷ், அடிங்கோ'ன்னீங்க. சாவுக்குக்கூட இப்படி ஒரு ப்ளானிங்கான்னு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

சுப்ரஜா விசும்பினாள். "மாதிரிக்கு ஒண்ணே ஒண்ணுதான் சார் கேட்டேன். அஞ்சலி போஸ்டருக்குன்னு புது எழுத்து வரையறதுதான் என் ப்ராஜெக்ட். காலையில போலீஸைப் பார்த்ததும் சொல்ல வாயே வரலை."

"அஞ்சலி போஸ்டரை யாரும்மா ஒண்ணே ஒண்ணு அடிப்பாங்க?" ஹனீஃபாவுக்கு ரோஷம் வந்தது. "ஓகேன்னா ஈரம் காயறதுக்குள்ள ஊரெல்லாம் ஒட்டிடறது எங்க வழக்கம். பொணம் காத்துக்கிட்டிருக்குமா?"

"இன்னிக்குத் தேதி எதுக்கு?" என்றார் அடைக்கலம்.

"ப்ராஜெக்ட் குடுக்க வேண்டிய தேதி சார். சாயங்காலம்தான் கடைசி."

"மேடம் பேரு?"

"வேற யார் பேரைப் போட்டாலும் சண்டைக்கு வருவாங்க. மேடம் எழுத்தைப் பார்ப்பாங்க சார்... படிக்க மாட்டாங்க."

அடைக்கலம் மெதுவாகத் திரும்பினார். "உங்க போட்டோகூடவா மேடம் கண்ல படலை?"

"அது எழுத்தில்லையே," என்றார் வேதவதி, சின்னக் குரலில்.

ஊரையே நடுங்க வைத்த கொலைகாரி, தன் சாவுக்குத் தானே 'பேஷ்' போட்டவர், புடவைத் தலைப்பால் லென்ஸைத் துடைத்துக்கொண்டார்!

அடைக்கலம் ஒரு வெள்ளைத் தாளில் விறுவிறுவென்று எழுதி நீட்டினார். "புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்னு ஒரு கையெழுத்து."

வேதவதி தாளை லென்ஸுக்கடியில் தள்ளினார். முகம் மலர்ந்தது. "அடடா, உங்க 'ழ' என்ன அழகு சார்!"

கையெழுத்துப் போட்டார்.

"படிச்சுப் பார்த்தீங்களா மேடம்?"

"எதுக்கு?"

அடைக்கலம் தாளை மடித்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார்.

"உங்க அம்மாமண்டபம் ரோட்டு வீட்டை என் பேருக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க. எப்ப வந்து பால் காய்ச்சட்டும்?"