நான்காம் அறைக்கு ஒரு Y

"N கீ தேஞ்சுபோச்சு, மாத்திக் குடுங்கன்னுதானே சொன்னேன்? Y மேல யாருங்க கை வெக்கச் சொன்னது—"

"இந்தக் காலத்துல இந்த டாஸ் மெஷினுக்குக் கீபோர்டு எங்க போயி—"

"அதுக்காக Y அடிச்சாலும் N விழற மாதிரியா செய்வீங்க?"

"மெஷின் ஸ்டார்ட் ஆகறப்ப படிக்கற ஃபைல்ல ஒரே ஒரு வரிம்மா, அவ்ளோதான். பதினோரு வருசத்துல என்னிக்காச்சும் நீ Y அடிச்சிருக்கியா? சும்மா கெடந்த கீயி."

மேனகா திரைப் பக்கம் திரும்பினாள். பாப்பிரெட்டிப்பட்டி புளிக் கிடங்கில் தினமும் மாலை ஆட்கள் போனதும், அந்தப் பழைய கணினி ஆறு குளிர் அறைகளுக்கும் ஒவ்வொன்றாகக் கேட்கும்: ஆள் உள்ளே உண்டா? N என்றால் கதவு பூட்டிக்கொண்டு குளிர் ஏறும். Y என்றால்தான் திறக்கும்.

மெக்கானிக் தமிழ்மணி பார்த்து நிற்க, அவள் மரத்துப்போன விரலால் Y-ஐத் தட்டினாள். N விழுந்தது. முதல் அறை பூட்டிக்கொண்டது. அப்புறம் இரண்டு, மூன்று. நான்காவது கேள்வி வந்தபோது அவள் கை மடியில் இருந்தது.

திரையில் Y விழுந்தது.

"நீங்க அடிச்சீங்களா?"

"எதை அடிச்சாலும் அது வராதும்மா." அவர் டார்ச்சை எடுத்தார். "எவனாச்சும் மூட்டை மேல தூங்கறானோ என்னமோ, பாத்துட்டு வரேன்."

அவருடைய செருப்புச் சத்தம் மூட்டைகளுக்கு நடுவே தேய்ந்து தேய்ந்து போவதையும், ஈரச் சாக்கும் புளியும் கலந்த வாடை திறந்த கதவு வழியாகத் தரையோடு தவழ்ந்து தன் மேசைவரை வருவதையும், வேறு யாருக்கோ நடப்பதைப் போல அவள் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாருமே இல்ல மேனகா!"

திரையில் Y அழிந்தது. N.

கதவு சாத்திக்கொண்டது.

அவள் Y-ஐ அடித்தாள். N. இன்னொரு முறை. N. கணினியை அணைத்துத் திரும்பப் போட்டாள். பச்சை எழுத்து மறுபடி நான்காம் அறையைக் கேட்டது. Y-ஐ அழுத்திப் பிடித்தாள். N N N N. அந்த ஒரு வரியை எடுக்கத் தெரிந்த ஆள் உள்ளே இருந்தார்.

கதவு தட்டும் சத்தம். உள்ளங்கையால், படபடவென்று. அது தமிழ்மணி.

அதற்குக் கீழே இன்னொன்று. முழங்கால் உயரத்தில். மெதுவாக. அவசரமே இல்லாமல்.

படபடப்பு நின்றது. கீழே இருந்தது நிற்கவில்லை.

மேனகா ஓடிப்போய் இரும்புக் கதவில் காதை வைத்தாள்.

"அண்ணா... தட்டறது யாருங்க?"