உள்ளே விடாதே!

"ஐயோ... என்னங்க!"

அந்த அலறலைக் கேட்டு, பக்கத்து டயர் கடைக்காரர் கையிலிருந்த ட்யூபைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

ஒர்க்‌ஷாப்பின் நடுவில் ஒரு வெள்ளைக் கார். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு காலில் செருப்பு இல்லை.

கால்கள் அசையவில்லை!

அந்தக் கால்களைக் கட்டிக்கொண்டு கதறிக்கொண்டிருந்தாள் மெக்கானிக்கின் மனைவி. சுவரோரம் வெளிறிப்போய் நின்றிருந்தார் காரின் சொந்தக்காரர். ஊருக்கெல்லாம் பல் பிடுங்கும் டாக்டர். இப்போது அவருடைய பற்களே தந்தியடித்துக்கொண்டிருந்தன.

டயர் கடைக்காரர் ஜாக்கியைப் பிடித்து காரை மறுபடி உயர்த்தினார்.

பிரயோஜனமில்லை.

மெக்கானிக் போய்விட்டான்.

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னாலேயே கான்ஸ்டபிள். சாவு வீட்டில்கூட வாயை மூடத் தெரியாத ஆசாமி.

"சொல்லுங்க டாக்டர். என்ன நடந்தது?"

"வேலை முடிஞ்சுடுச்சு சார். முட்டுக் கொடுத்திருந்த ஸ்டாண்டைக்கூட உருவிட்டாரு. நான்தான்... 'அந்தக் கடகட சத்தம் நின்னுடுச்சான்னு பார்த்தீங்களா?'ன்னு கேட்டேன். 'இதோ சார்'னு மறுபடி அடியில போனாரு. வெறும் ஜாக்கி மேலதான் கார் நின்னுது. அப்ப..."

"அப்ப?"

"'விடு'ன்னாரு. கார் இறங்கிடுச்சு சார்!"

"தானாவா இறங்குச்சு?"

"நான்... கவனிக்கல சார்."

டயர் கடைக்காரர் குறுக்கே புகுந்தார். "தானா எப்படி சார் இறங்கும்? நான் வந்து பார்த்தப்ப கைப்பிடி திருகித் தளர்ந்து கிடந்துச்சு. யாரோ திருப்பியிருக்காங்க!"

இன்ஸ்பெக்டர் ஜாக்கியின் நீளமான கைப்பிடியைப் பார்த்தார். அப்புறம் டாக்டரை.

"செத்துப்போனவர் உங்களை எப்படிக் கூப்பிடுவாரு?"

"சார்னுதான்... வாங்க, போங்கன்னு மரியாதையாத்தான் பேசுவாரு."

"அப்படின்னா உங்ககிட்ட 'விடுங்க சார்'னுல்ல சொல்லியிருக்கணும்? வெறும் 'விடு'ன்னா..."

இன்ஸ்பெக்டரின் பார்வை மெல்ல நகர்ந்து, அழுதுகொண்டிருந்தவள் மேல் நின்றது.

"இங்கே அவரு ஒருமையில பேசக்கூடிய ஆள் நீங்க ஒருத்தர்தாம்மா!"

அவள் விருட்டென்று நிமிர்ந்தாள். "நான் ஜாக்கிகிட்டயே போகல சார்! வாசப்பக்கம் நின்னு அழுதுட்டு இருந்தேன்!"

"எதுக்கு அழுதீங்க?"

"சண்டை சார்," என்றார் டயர் கடைக்காரர், தயங்கி. "எங்க கடை வரைக்கும் கேட்டுச்சு."

கான்ஸ்டபிள் இன்ஸ்பெக்டரின் காதைக் கடித்தார். "புருஷன் பொண்டாட்டி சண்டை... பொண்டாட்டி கையில ஜாக்கி... கேஸ் முடிஞ்சுது சார்!"

"சும்மா இருய்யா. என்னம்மா சண்டை?"

அவள் டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"டாக்டரை உள்ள விட்டதுக்கு சார். 'கஸ்டமர் யாரையும் உள்ள விடாதே'ன்னு எப்பவும் சொல்லுவாரு. நான்தான் கேக்கல. 'பார்த்தாத்தானே நம்புவாங்க? ஒளிச்சு வைக்க நம்மகிட்ட என்ன இருக்கு?'ன்னு பிடிவாதம் பிடிச்சேன். 'ஒளிக்கறதுக்கு இல்லடி... கை கால் போயிடுமேன்னுதான் சொல்றேன்'னாரு. கடைசியில அவருக்கே..."

முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் தலையைக் குனிந்தார். "நான்தான் கேட்டுக்கிட்டேன். புதுசுன்னு சொல்லி பழசை மாட்டிடுவாங்கன்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பயமுறுத்தினாங்க. கண்ணால பார்க்கணும்னேன். அதுக்கு அவரு, 'நீங்க பல் பிடுங்கறப்ப பேஷண்டோட மச்சான் பக்கத்துல நின்னு, அது இல்ல டாக்டர் இதுன்னா, பிடுங்குவீங்களா?'ன்னு சிரிச்சாரு. சிரிச்சாரே தவிர, வெளிய போங்கன்னு சொல்லல சார்..."

நல்ல மனுஷன்தான் அந்த மெக்கானிக். அதுதான் அவனுடைய கெட்ட நேரம்.

"எல்லாரும் கையை நீட்டுங்க!" என்றார் இன்ஸ்பெக்டர் திடீரென்று.

நீட்டினார்கள்.

டயர் கடைக்காரர் கை, கறுப்பு. கணவனின் உடுப்பைப் பிடித்துக் கதறியவளின் கை, கிரீஸும் ரத்தமும்.

டாக்டர் கை...

இன்ஸ்பெக்டர் குனிந்து முகர்ந்தார்.

"சோப்பு வாசனை! இந்த ஷெட்டுல சுத்தமா இருக்கற கை உங்களோடது மட்டும்தான் டாக்டர்!"

"அ... அது தொழில் பழக்கம் சார். எதைத் தொட்டாலும் உடனே கழுவிடுவேன்..."

"எதைத் தொட்டீங்க?"

டாக்டர் நீட்டிய கைகளைச் சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டார்.

அவள் எழுந்து நின்றாள்.

"என் புருஷன் கார் அடியில கிடந்தப்ப... நீங்க கை கழுவிட்டு இருந்தீங்களா டாக்டர்?"

அந்தக் கேள்வியில் டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கொல்லணும்னு இல்லம்மா! சத்தியமா இல்ல! 'இப்படித் திருப்பினா இறங்கும் சார்'னு காலையில அவர்தான் காட்டினாரு. 'விடு'ன்னதும் எனக்குத்தான் சொல்றாருன்னு நினைச்சுட்டேன். உதவி பண்றதா நினைச்சுத்தான் திருப்பினேன். அப்புறம் பயந்துட்டேன்... பைத்தியக்காரன் மாதிரி போய்க் கை கழுவினேன்!"

கான்ஸ்டபிள் மெல்லக் கேட்டார்.

"அப்ப அந்த 'விடு' யாருக்கு சார்?"

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். குரலில் இப்போது போலீஸ் இல்லை.

"அழுதப்ப, அவர்கிட்ட ஏதாவது சொன்னீங்களாம்மா?"

"மன்னிப்பு கேட்டேன் சார். 'இனிமே உங்க பேச்சை மீற மாட்டேங்க... இன்னும் என் மேல கோவமா?'ன்னு கேட்டேன். அவரு எனக்கு பதிலே சொல்லல. டாக்டர்கிட்டதான் விடுன்னு என்னமோ சொன்னாரு. அடுத்த நிமிஷம்..." அவள் விம்மினாள். "கோவத்தோடயே போயிட்டாரு சார். என்கூட பேசாமலே போயிட்டாரு. அதைத்தான் சார் என்னால தாங்க முடியல!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"டாக்டர்கிட்ட இல்லம்மா. சார்னு கூப்பிடற ஆள்கிட்ட அவரு 'விடு'ன்னு சொல்ல மாட்டாரு. கோவமான்னு கேட்டது நீங்க. 'விடு'ன்னு சொன்னது உங்களுக்கு."

அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கா?"

"உங்களுக்குத்தாம்மா. 'சரி, போனாப் போகுது விடு'ன்னு சொல்வோமே... அந்த 'விடு'."

அவள் மெல்ல மண்டியிட்டாள். செருப்பில்லாத அந்தப் பாதத்தைக் கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கோவம் இல்லையாங்க?... நிஜமாவே இல்லையா?"

டயர் கடைக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பி, கறுப்புக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளை மன்னித்த வார்த்தைதான் அவன் உயிரைக் குடித்தது. இந்த வழக்கை எந்தக் கோர்ட்டில் போட்டு யாருக்குத் தண்டனை வாங்குவது? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ஜீப் கிளம்பியது. பின் சீட்டில் டாக்டர் சுருண்டு கிடந்தார். நடுங்கும் குரலில் கேட்டார்.

"ஏங்க... என்னை எப்ப விடுவாங்க?"

கான்ஸ்டபிள் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் வாய் கேட்குமா?

"தெரியல டாக்டர். ஆனா ஸ்டேஷன்ல யாராவது 'விடு'ன்னா உடனே எழுந்துடாதீங்க... உங்களுக்குத்தானான்னு கேட்டுக்குங்க!"