நேற்றைய தண்ணீர்

'சளக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

படம் வரைந்துகொண்டிருந்த பட்டாணியின் கை அப்படியே நின்றது. மறுபடியும் 'சளக்'. கூடத்தில் அண்ணன் மீன் தொட்டிக்குள் தண்ணீர் ஊற்றுகிறான்!

பட்டாணி பென்சிலைக் கீழே வைத்தாள்.

அவளுக்கு ஒன்பது வயது. சூடான சட்டியில் விழுந்தது போல எப்போதும் துள்ளிக்கொண்டே இருப்பதால் வீட்டில் வைத்த பெயர் பட்டாணி. ஆனால் அன்று நாற்காலியை விட்டு எழவே அவளுக்குக் கால் வரவில்லை.

காரணம், பால்கனியில் இருந்த நீல பக்கெட்.

அந்த வீட்டில் நீல பக்கெட்டுக்கு ராஜ மரியாதை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அண்ணன் அதில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மூடாமல் வைப்பான். குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்ல மருந்து கலந்திருக்கும். நமக்கு அது நல்லது, மீனுக்கு ஆகாது. ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் மருந்து காற்றோடு போய்விடும். மறுநாள் மாலை, தொட்டியிலிருந்து ஒரு பக்கெட் தண்ணீரை வெளியே எடுத்துவிட்டு, இந்தத் தண்ணீரை உள்ளே ஊற்றுவான். பக்கெட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'தொட்டால் தொலைந்தாய்' என்றும் எழுதி வைத்திருந்தான்.

பட்டாணி தொட்டுவிட்டாள்.

காலையில் கால்பந்து ஆடிவிட்டு வந்தபோது காலணி முழுக்கச் சேறு. குளியலறையில் அழுக்குத் துணிகள் ஊறிக்கொண்டிருந்தன. நீல பக்கெட் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு குவளை, இன்னொரு குவளை என்று எடுத்துக் கடைசியில் பக்கெட்டே காலி. உடனே சமையலறைக் குழாய்க்கு இழுத்துப்போய், கோடு வரைக்கும் சரியாக நிரப்பி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டாள். அண்ணன் மாலையில்தானே ஊற்றுவான், அதற்குள் மருந்து ஓடிவிடும் என்று ஒரு கணக்கு.

அவள் கணக்கில் எப்போதும் கொஞ்சம் சுமார்தான்.

"அண்ணா, சாயங்காலம்தானே தண்ணி மாத்துவ?" என்று இருந்த இடத்திலிருந்தே கேட்டாள். குரல் கீச்சென்று வந்தது.

"சாயங்காலம் எனக்கு டியூஷன் இருக்கு. அதான் இப்பவே" என்றான் அண்ணன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அவனுக்கு மூன்று நாளாக ஜலதோஷம். அந்த வாரம் தெருவில் குழாயைப் பழுது பார்த்திருந்தார்கள். அதிலிருந்து தண்ணீரில் மருந்து வாடை மூக்கைத் துளைத்தது. ஆனால் அண்ணனின் மூக்குதான் விடுமுறையில் இருந்ததே!

இப்போதே சொல்லிவிடலாமா என்று பட்டாணி வாயைத் திறந்தாள். மறுபடியும் மூடிக்கொண்டாள். ஒன்றும் ஆகாது, கொஞ்சம்தானே ஊற்றியிருக்கிறான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

'சளக்' சத்தம் சட்டென்று நின்றது.

"பட்டாணி, இங்க வா. இதுங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு!"

அவள் ஓடினாள். தொட்டியைக் குனிந்து பார்த்தாள். ஆறு கப்பி மீன்களும் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து, வாயை வெளியே நீட்டி, காற்றுக்காகத் தவித்துக்கொண்டிருந்தன. ஒன்று கண்ணாடியில் முட்டிமுட்டித் திரும்பியது. 'மகாராணி' மட்டும் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது.

மகாராணி என்பது கருப்பு மோலி மீன். நகம் அளவு குட்டியாக இருந்தபோது அண்ணன் கொண்டுவந்து வளர்த்தது. இப்போது வயிறு பெருத்துக் குட்டி போடும் நிலையில் இருந்தது. அதன் செவுள்கள் படபடவென்று அடித்துக்கொண்டதைப் பார்க்கப் பார்க்க, பட்டாணிக்குத் தன்னுடைய மூச்சே முட்டியது.

"செத்துடுமா அண்ணா?"

"தெரியலயே!" அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. "எல்லாம் என் தப்புதான். நேத்து ராத்திரி தீனியைக் கூடப் போட்டுட்டேன். அது கெட்டுப்போயிருக்கும். பாவம், என்னால..."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பதின்மூன்று வயது அண்ணன் அழுது பட்டாணி பார்த்ததே இல்லை. அவன் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அம்மா மருத்துவமனைக்கு வேலைக்குப் போயிருந்தாள். அப்பா ஏதோ ஒரு சாலையில் பேருந்து ஓட்டிக்கொண்டிருப்பார். கேட்கவும் ஆளில்லை, ஒளிந்துகொள்ளவும் ஆளில்லை.

"சரி, அழுது என்ன ஆகப்போகுது. கெட்ட தண்ணி இருந்தா நல்ல தண்ணிதான் ஊத்தணும்" என்று அண்ணன் எழுந்தான். நீல பக்கெட்டில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அவன் அதை இரண்டு கைகளாலும் தூக்கித் தொட்டியின் விளிம்பில் சாய்த்தான்.

"ஊத்தாத!"

பட்டாணி போட்ட கூச்சலில் அண்ணன் பக்கெட்டோடு ஓரடி பின்னால் போனான். பாதித் தண்ணீர் அவன் கால்சட்டையில் கொட்டியது.

"அது நேத்து தண்ணி இல்ல. இன்னைக்குக் காலையில நான் புடிச்சது. நேத்து தண்ணில ஷூ கழுவிட்டேன். நீ திட்டுவியேன்னு கோடு வரைக்கும் ரொப்பி வச்சிட்டேன். தீனி இல்லண்ணா, நான்தான். நான்தான் காரணம்!"

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் திட்டவில்லை. பக்கெட்டைத் தரையில் வைத்தான். அவளையே பார்த்தான். அந்தப் பார்வைக்கு நாலு குட்டு வாங்கியிருக்கலாம்.

"மருந்தை முறிக்கிற சொட்டு மருந்து தீந்து போச்சு" என்று அவன் தொட்டியைப் பார்த்துச் சொன்னான். "மீன் கடை இன்னைக்கு லீவு. ரெண்டு பக்கெட் நல்ல தண்ணி இருந்தா காப்பாத்தலாம். இல்லாட்டி..."

பிறகு அவன் அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. காற்றுக்குமிழி விடும் மோட்டாரை முழு வேகத்தில் வைத்தான். ஒரு குழாயை வைத்துத் தொட்டித் தண்ணீரை வெளியே எடுக்கத் தொடங்கினான்.

பட்டாணி மூக்கைத் துடைத்தாள். ஒரு நாள் திறந்து கிடந்த தண்ணீர்தானே வேண்டும்? நம் வீட்டில் இல்லாவிட்டால் என்ன? இந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள் இருக்கின்றன. யார் வீட்டிலாவது நேற்று பிடித்த தண்ணீர் இருக்காதா?

இரண்டு காலி பக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

எதிர்வீட்டுத் தையல்கார அத்தை, வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"அத்தை, பழைய தண்ணி இருக்கா?"

"பழசா? ஏன்டி, ஃப்ரிட்ஜ்ல ஜில்லுனு புதுசா இருக்கே. ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போ. மூச்சு வாங்குது பாரு!"

"குடிக்க இல்ல அத்தை, மீனுக்கு! நேத்து புடிச்சு மூடாம வச்ச தண்ணி வேணும்."

"இங்க எல்லாமே மூடித்தான்டி வச்சிருக்கேன். கொசு வந்துடுமே!"

கீழ்வீட்டில் பெரிய தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. பட்டாணிக்கு உயிர் வந்தது. குனிந்து பார்த்தால், ஓரத்தில் சோப்பு நுரை! வந்த உயிர் மறுபடியும் போனது. ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். ஒவ்வொரு படியிலும் மகாராணியின் செவுள்கள்தான் கண்ணுக்குள் அடித்துக்கொண்டன.

கடைசியில் ஒரே ஒரு வீடுதான் பாக்கி. மேல்மாடி இடி மாமா வீடு.

அவர் பேசினால் இடி இடித்தது போல இருக்கும். மாடிப்படியில் அவர் தும்மினாலே பிள்ளைகள் சிதறி ஓடுவார்கள். ஆனால் மொட்டை மாடியில் செடி வளர்ப்பவர் அவர்தான். செடிகளுக்கு ஊற்ற டிரம்மில் தண்ணீர் வைத்திருப்பார். பட்டாணி கதவின் முன்னே நின்றாள். கையைத் தூக்கினாள், இறக்கினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு தட்டினாள்.

"யாரு?" கதவே அதிர்ந்தது.

"நா... நான்தான் மாமா. நேத்து புடிச்ச தண்ணி..."

"என்ன? சத்தமா சொல்லு! இருபது வருஷமா அச்சு மெஷின் பக்கத்துலயே வேலை. காது மந்தம்!"

பட்டாணி திகைத்துப் போனாள். அப்படியென்றால் இவர் திட்டுவதில்லை, பேசுவதே இப்படித்தானா?

"மீனு சாகப்போகுது மாமா! நான் மருந்துத் தண்ணியை மாத்தி வச்சிட்டேன்! நேத்து தண்ணி வேணும்!" என்று அவளும் இடி இடித்தாள்.

மாமா வேறு எதுவும் கேட்கவில்லை. செருப்புகூடப் போடாமல் மொட்டை மாடிக்கு ஏறினார். அங்கே திறந்த டிரம்கள் இரண்டு நின்றன. மாமா முன்னாலிருந்த டிரம்மில் பக்கெட்டை முக்கப் போனார்.

பட்டாணிக்குத் திக்கென்றது. இன்னொரு தப்பு செய்துவிடக் கூடாதே!

"மாமா, நில்லுங்க! இதுல உரம் ஏதாவது கலந்திருக்கீங்களா?"

மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. டிரம்மைப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஆமா! இதுல முந்தாநாள் கலந்தேன். அதோ அதுதான் வெறும் தண்ணி, நேத்து காலையில புடிச்சது. நல்லவேளை கேட்ட!"

ஆளுக்கொரு பக்கெட்டாகப் படியிறங்கினார்கள். மாமா ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பட்டாணி சிந்தினாள், ஆனால் நிற்கவில்லை.

கூடத்தில் தொட்டி பாதி காலியாக இருந்தது. கப்பிகள் இன்னும் மேலேயே தவித்தன. மகாராணி இப்போது வாலைக்கூட அசைக்காமல் மேலே மிதந்தது.

"நேத்து தண்ணி. உரம் இல்ல, சோப்பு இல்ல" என்றாள் பட்டாணி.

அண்ணன் பக்கெட்டில் விரலை விட்டுப் பார்த்தான். ரொம்பக் குளிர்ச்சியும் இல்லை, சூடும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினான். ஒரேயடியாக ஊற்றினால் மீன்கள் மிரளும். அதனால் ஒரு சின்னக் குவளையால், கண்ணாடி ஓரமாக, மெதுவாக ஊற்றினான். அது தீர்ந்ததும் பட்டாணி அடுத்த பக்கெட்டை நகர்த்தி வைத்தாள்.

"நான் அப்புறம் வந்து பாக்குறேன்" என்று இடி மாமா தன்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னார். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய கொடுமை. கடிகார முள் நகர்வேனா என்றது.

"அண்ணா, இனிமே என்கூடப் பேசவே மாட்டியா?"

அவன் கண் மகாராணியை விட்டு நகரவில்லை.

முதலில் ஒரு கப்பி கீழே இறங்கியது. செடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு. பிறகு மற்ற மூன்றும். மகாராணி மட்டும் அசையவில்லை. பட்டாணி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "எறங்கு, எறங்கிடு" என்று முணுமுணுத்தாள். அவள் மூச்சுபட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

மகாராணியின் வால் ஒரு முறை அசைந்தது.

இன்னொரு முறை. பிறகு அது நிமிர்ந்தது. பெருத்த வயிற்றைச் சுமந்துகொண்டு மெதுவாகக் கீழே இறங்கி, கூழாங்கற்கள் மேலே ஒரு சுற்று சுற்றி வந்தது. செவுள்கள் இப்போது நிதானமாக அசைந்தன.

பட்டாணி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டான். பிறகு தரையில் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கும் உட்கார இடம் விட்டான்.

இரண்டு பேரும் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பசிக்குதா?" என்றான் அண்ணன்.

பட்டாணி துள்ளி எழுந்தாள். "தீனி டப்பாவை எடுத்துட்டு வரட்டுமா?"

"மீனுங்களுக்கு இன்னைக்கு தீனி கிடையாது. வயிறு சும்மா இருக்கட்டும்" என்று அண்ணன் அவள் கையைப் பிடித்து மறுபடியும் உட்கார வைத்தான். "உனக்குத்தான் கேட்டேன், லூசு."