லக்டோஸ் இல்லாத மரணம்!

"ஐயோ... அம்மாஆஆ!"

தெரணியகலை பஸாரில் கடைகள் திறந்துகொண்டிருந்த நேரம். உதயா ஸ்டோர்ஸின் மேல்மாடியிலிருந்து வந்த அந்த அலறல், கீழே நின்ற த்ரீவீல்காரர்களைத் திடுக்கிட வைத்தது.

அலறியவள் வீட்டு வேலைக்காரி இருளாயி.

தரையில் கிடந்தவள் கடை முதலாளி உதயராஜின் மனைவி மங்கையர்க்கரசி. உதடுகள் வீங்கி... கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்து... மூச்சுக்குத் தவித்து...

பக்கத்தில் பாதி குடித்த டீ!

கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு த்ரீவீல் பறந்தது. போய்ச் சேருவதற்குள் மங்கையர்க்கரசி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே பசும்பால் ஆகாது. ஒரு மிடறு உள்ளே போனாலும் தொண்டை அடைத்துவிடும். அதனால் அந்த வீட்டில் எப்போதும் சோயாப்பால்தான்.

"தோட்டத்துப் பொம்பளைதானே... எது பால், எது சோயான்னு அவளுக்கு என்ன தெரியும்?"

பஸார் முழுக்க அதே பேச்சு.

விசாரிக்க வந்த சார்ஜன்ட் விஜயகலாவுக்குக் காது எரிந்தது. அவளும் றக்வானையில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்துக் காம்பிராவில் பிறந்தவள்தான்.

"அழாம சொல்லுங்க இருளாயிக்கா. டீயில என்ன ஊத்தினீங்க?"

"ஐயா குடுத்த பெட்டிதாங்க மிஸ்! சோயாப்பால் முடிஞ்சிருச்சின்னு கடையிலருந்து எடுத்தாந்தாரு. 'அம்மாவுக்கு இது ஆகுங்களா'ன்னு கேட்டேன். 'பால் ஒத்துக்காதவங்களுக்குன்னே வர்றதுதான், ஊத்து'ன்னாரு..."

விஜயகலா பெட்டியைப் பார்த்தாள். லக்டோஸ் இல்லாத பசும்பால்!

உதயராஜ் மறுக்கவில்லை. ஸ்டேஷனுக்குத் தானாகவே வந்தான்.

"இருளாயிய விட்டுருங்க மிஸ். தப்பு என்னோடது. லக்டோஸ் இல்லைன்னா அவளுக்கு ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சிட்டேன்... என் மடத்தனம் அவளக் கொன்னுருச்சு!"

சுவரில் தலையை முட்டிக்கொண்டான்.

"பவ் மினிஹா..." என்று சிங்களத்தில் உச்சுக் கொட்டினார் ஸ்டேஷன் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. பாவப்பட்ட மனிதனாம்!

விஜயகலாவுக்கே மனசு இளகிவிட்டது. ஏழையின் தலையில் பழியைத் தூக்கிப் போடாத முதலாளி! இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இருளாயியோ அவன் காலில் விழுந்து கும்பிட்டாள்.

மங்கையின் தங்கை ராகினிதான் ஸ்டேஷன் வாசலில் மறித்தாள்.

"மிஸ்! மச்சானுக்கு இரத்தினபுரியில ஒருத்தி இருக்கா. அக்கா விவாகரத்துக்குச் சம்மதிக்கல. அது தெரியாம நீங்க அவருக்காகக் கவலப்படுறீங்க!"

விஜயகலாவுக்குச் சுருக்கென்றது.

"இருக்கட்டும் ராகினி. ஆனா தெரிஞ்சுதான் குடுத்தார்னு நான் காட்டணுமே! தெரியாம செஞ்சேன்னு சொல்றவர எப்படி மாட்டுறது?"

ராகினியின் பார்வை சொன்னது... 'நீங்களும் அவ்வளவுதானா?'

மங்கையின் எட்டாம் நாள் படையல்.

விபத்து என்று கேஸை முடிக்கச் சொல்லிவிட்டார் ஓ.ஐ.சி. உதயராஜின் வீட்டுக்கே வந்து, அவன் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் காத்திருந்தாள் விஜயகலா. வாயெல்லாம் கசந்தது.

"வாசிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க."

"என்னத்த வாசிக்கிறது மிஸ்... எனக்குத் தெரியாதுங்கிறத எத்தன தடவ எழுதினாலும் அவ வரப்போறாளா?"

கையெழுத்தைப் போட்டான் உதயராஜ்!

அதே நேரம் வாசலில் ஒரு முஸ்லிம் பெண், கையில் குழந்தையோடு.

"மொதலாளி... ஊருக்குப் போயிருந்தேன், இப்பதான் கேள்விப்பட்டேன். எண்ட இஸ்ராவக் காப்பாத்தின ஒங்களுக்கா இப்பிடி நடக்கணும்?"

உதயராஜின் முகம் வெளுத்தது.

"யாரு ராத்தா நீங்க... ஆள் மாறி வந்துட்டீங்க..."

"மறந்துட்டீங்களா? உம்மு குல்தூம்! நோம்பு காலத்தில சாமான் வாங்க வந்தேனே!"

விஜயகலா எழுந்தாள். "காப்பாத்தினாரா? எப்படி?"

"எண்ட புள்ளைக்கும் பால் ஆகாது மிஸ். லக்டோஸ் இல்லாத பால் பெட்டி ஒண்ட எடுத்தேன். மொதலாளி கையிலருந்து பறிச்சிட்டாரு! 'லக்டோஸ்ங்கிறது பால்ல உள்ள சீனி. அத மட்டும்தான் போக்கியிருக்கு. ஒங்க புள்ளைக்கு ஆகாத புரதம் அப்பிடியே ஈக்கி. குடுத்தா தொண்டை அடைச்சிரும்' எண்டு சென்னாரு!"

"இன்னும் என்ன சொன்னாரு?"

"தேங்காப்பால் பவுடர்லயும் சிலதுல பால் கலந்தீக்குமாம், பெட்டிக்குப் பொறகால எழுதீக்கிறத வாசிக்கச் சென்னாரு. சோயாவும் சில புள்ளைகளுக்கு ஒத்துவராதாம், டொக்டர்ட்ட கேக்கச் சென்னாரு. 'எண்ட வீட்டிலயே ஒரு நோயாளி ஈக்கிறா, எனக்குத் தெரியாதா' எண்டு சென்னாரு மிஸ்... அல்லாஹ் அவருக்குப் பொறுமைய தரணும்!"

விஜயகலா வாக்குமூலத்தைக் கையில் எடுத்தாள்.

கையெழுத்தில் மை காயவில்லை!

"இவ்வளவு தெரிஞ்ச மனுஷன்..." விஜயகலா அவன் அருகே வந்தாள். "அன்னைக்கே வாய மூடிட்டு இருந்திருந்தா, இன்னைக்குத் தப்பியிருப்பீங்களே!"

உதயராஜ் குழந்தையைப் பார்த்தான். அது அவனைப் பார்த்துச் சிரித்தது.

"சின்னப் புள்ள மிஸ்..." குரல் உடைந்தது. "தெரிஞ்சுகிட்டே எப்படிக் குடுக்க விடுறது?"

சொன்ன பிறகுதான், சொன்னது என்னவென்று அவனுக்குப் புரிந்தது!

அடுப்படி வாசலில் நின்ற இருளாயி, தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப... என் கையாலயே அம்மாவக் கொல்ல வச்சாராங்க மிஸ்? நான் அந்தக் கால்லயா விழுந்து கும்பிட்டேன்?"

விஜயகலா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

ஜீப் வந்தது. உதயராஜ் ஏறப்போனான். மேலுதடு வியர்த்து, நா வறண்டிருந்தது.

"மிஸ்... குடிக்க ஏதாவது..."

"ஏறுங்க மொதலாளி. ஸ்டேஷன்ல பிளேன்டீ தருவாங்க." கதவை அறைந்து சாத்தினாள் விஜயகலா. "பயப்படாமக் குடிங்க... அதுல லக்டோஸும் இல்ல, பாலும் இல்ல, நீங்களும் ஊத்தல!"