உச்சியைத் தொட்டவன்

ஐசக் ரெல்ஃப் உட்கார மறுத்துவிட்டார். அவருடைய பூட்ஸிலிருந்து பனி உருகி, ஹெஸ்டர் ஆலன்பியின் கம்பளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. பட்டியில் ஆடுகளுக்கு அடையாளச் சாயம் பூசிவிட்டு நேரே வந்திருந்தார். கோட்டுக் கைமடிப்பில் நீலம் இன்னும் காயவில்லை.

"மலையோட்டப் போட்டியில என் மகன் லாண்டி, கிரேகில் மலை உச்சிக்குப் போகவே இல்லன்னு ஊரே பேசுது. கோப்பையத் தர மாட்டேங்கறாங்க. எங்கப்பா ஜெயிச்ச கோப்பை, நான் ஜெயிச்ச கோப்பை. ரெல்ஃப் வீட்டு ஆள் யாரும் குறுக்கு வழியில ஓடினதில்ல. அவன் போனான்னு நீங்க நிரூபிக்கணும்."

ஹெஸ்டர் காவல்துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், எதற்கும் அவசரப்படாதவர். அவருடைய அடுப்பருகே டீ குடித்துக்கொண்டிருந்த தபால்காரர் கிளிஃப் அதற்கு நேர்மாறு.

"நான் சொல்றேன் இன்ஸ்பெக்டரம்மா," என்று கிளிஃப் முந்திக்கொண்டார். "சனிக்கிழமை பனிப்புயல் வந்ததும், பாதி மலையில கல்சுவர்கிட்டயே எல்லாரையும் திருப்பிட்டாங்க. அதுக்கு முன்னாடியே சுவரத் தாண்டினது ரெண்டே பேரு. லாண்டி, அப்புறம் டேவி ஃபியரன். லாண்டி மட்டும் இறங்கி வந்தான். டேவி எங்கடான்னு கேட்டா, 'உச்சியில யாருமே இல்ல'ன்னான். இருட்டினப்புறம் தேடிப் போனவங்க, உச்சியில இருக்கற கற்குவியல்லயே டேவி சாஞ்சு கெடக்கறதப் பாத்தாங்க. கணுக்கால் உடைஞ்சு, உடம்பு விறைச்சு. மேல வெறும் பனியன்தான். மழைக்கோட்டும் இல்ல, விசிலும் இல்ல. ஜனவரியில எவனாவது இப்படி மலையேறுவானா? சுத்த முட்டாள்னு ஊரே சொல்லுது."

"கற்குவியலைத் தொட்டுட்டுத்தானே திரும்பணும்?" என்றார் ஹெஸ்டர்.

"ஆமா. தொட்டிருந்தா லாண்டி, டேவியோட காலுல தடுக்கியே விழுந்திருப்பான். பாக்கலன்னா போகலன்னுதானே அர்த்தம்?"

"இல்லாட்டி, பாத்துட்டுச் சொல்லலன்னு அர்த்தம்," என்று ஹெஸ்டர் அடுப்பைக் கிளறினார். "ரெல்ஃப் ஐயா, போனான்னு நிரூபிச்சா அதோட சேர்ந்து வேற ஏதாவது வரலாம். பரவாயில்லையா?"

"வரட்டும். என் குடும்பத்துக்கு உண்மையக் கண்டு பயமில்ல."

மறுநாள் மதியம் மதுவிடுதியின் பின்னறையில் எல்லாரும் கூடினார்கள். மேசையில் கோப்பை இருந்தது. அதனருகே லாண்டி இடுப்பில் கட்டி ஓடிய பை. தகராறு வந்ததால், ஓட்டம் முடிந்த கையோடு அதைப் போட்டித் தலைவர் டாம் ஸ்கெல்டன் வாங்கிப் பூட்டி வைத்திருந்தார். டேவியின் தாய் ரூத் ஃபியரன் ஜன்னலோரம் நின்றாள். மகன் செத்தாலும் ஆடுகள் காத்திருக்காது. அவள் நகக்கண்களில் சிவப்புச் சாயம் இருந்தது.

"ரெல்ஃப் வந்துட்டாரு," என்றாள். "நாற்காலியத் தொடைச்சுப் போடு, டாம். கௌரவத்துல தூசி ஒட்டிக்கப் போகுது."

ஐசக் காதில் விழாதது போல் மகன் அருகே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டாம், இந்தப் பையில என்ன இருக்கணும்?" என்று ஹெஸ்டர் கேட்டார்.

"மழைக்கோட்டும் விசிலும். ஜெயிச்சவன் எல்லைக்கோட்டுல திறந்து காட்டணும். இல்லாட்டி ஜெயிச்சது செல்லாது. மத்தவங்க பைய யாரும் பாக்கறதில்ல. லாண்டி பையில ரெண்டும் இருந்துது."

ஹெஸ்டர் மழைக்கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உன்னுதா, லாண்டி?"

"ஆமா. பட்டியில தினமும் போட்டுக்கறதுதான்."

"ரெல்ஃப் ஐயா, உங்க ஆட்டுக்கு என்ன சாயம்?"

ஐசக்கின் தலை உயர்ந்தது. இந்தக் கேள்விக்கு அவர் என்றுமே யோசித்துப் பதில் சொன்னதில்லை. "நீலம். என் பாட்டன் காலத்துலேர்ந்து நீலம். வேற வீட்டுச் சாயம் எங்க பட்டிக்குள்ள நுழைஞ்சதே கிடையாது."

ஹெஸ்டர் கோட்டை மேசையில் விரித்தார். இடது கக்கத்திலும் விலாவிலும் பழைய சிவப்புக் கறை தேய்ந்து ஊறியிருந்தது. நீலம் ஒரு பொட்டுகூட இல்லை.

ரூத் அருகில் வந்து கறையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "ஆட்ட இடது கக்கத்துலதான் இடுக்குவான்," என்றாள். "எத்தன தடவை திட்டியிருக்கேன்."

"டேவி கோட்டு இல்லாமப் போகல," என்றார் ஹெஸ்டர். "கோட்டோட சுவரத் தாண்டினான், உச்சியில உட்கார்ந்தான். அங்கேருந்து நடந்து வந்த ஆள் ஒருத்தன்தான். அதனால லாண்டி உச்சிக்குப் போனான். ஐயா கேட்டது நிரூபணமாயிடுச்சு."

லாண்டி தந்தையைப் பார்த்தான். "அப்பா, அவங்க ஆடு எப்பவாச்சும் வழி தவறி நம்ம பட்டிக்கு வந்திருக்கும்னு சொல்லுங்க..."

ஐசக் வாய் திறக்கவில்லை. சற்று முன் திறந்துதான் எல்லாம் கெட்டுப்போயிருந்தது.

"பாரம்னு ரெண்டையும் வீட்டுலயே வச்சுட்டேன்," என்றான் லாண்டி, தரையைப் பார்த்து. "மேல போனா அவன் கால் உடைஞ்சு உட்கார்ந்திருந்தான். கோட்டக் குடு, அடையாளம் காட்டினாத்தான் சீக்கிரம் ஆள் அனுப்புவாங்கன்னு சொன்னேன். அவனே கழட்டிக் குடுத்தான். விசிலும் குடுத்தான். 'இறங்கறப்பவே ஊதிட்டுப் போ'ன்னான்."

"ஏன்டா சொல்லல?" என்றார் கிளிஃப்.

"சொன்னா அவன் இறங்கி வந்து கோட்டக் கேப்பானே."

ஐசக் மெல்ல எழுந்தார். முதுகு அப்போதும் வளையவில்லை.

"டாம், எழுதிக்கோ. என் மகன் உச்சிக்குப் போகல. சுவரத் தாண்டிக் குறுக்கால திரும்பிட்டான். ஏமாத்திட்டான். கோப்பை எங்களுக்கு வேணாம்."

"போனான்," என்றாள் ரூத். "கல்லத் தொட்டான். பையில கோட்டு இருந்துது, விசில் இருந்துது. யாருதுன்னு உங்க விதி கேக்கல. பேரப் பொறிச்சுக் குடு, டாம். வருஷத்தையும் பொறி. ஐசக், கொண்டுபோய் அடுப்புக்கு மேல வச்சுக்க. குளிர் படாத இடமாப் பாத்து."

வாசலில் காவல்துறை வண்டி நின்றது. சந்தேகப்பட்ட ஹெஸ்டர் காலையிலேயே அவர்களுக்குச் சொல்லியனுப்பியிருந்தார். லாண்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள். கோப்பையை எடுத்துச் செல்ல ஐசக்கைத் தவிர வேறு ஆள் இல்லை.

வெளியே பனியில் ஊர் கூடியிருந்தது. ரூத் வந்தபோது ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பின்னாலேயே கோப்பையுடன் ஐசக் வந்தார். எல்லாரும் தொப்பியை மாட்டிக்கொண்டார்கள்.